லைல், அலாஸ்கா

மார்லிஸ் ப்ரெக்கேயின் வீட்டில் சாப்பாட்டு மேசை உண்டு. அதில் சாப்பிட முடியாது. மூன்று வருடமாக அதன்மேல் ஒரு தாள் விரிந்து கிடக்கிறது. ஒன்று தீர்ந்ததும் இன்னொன்றை ஒட்டி, அதுவும் தீர்ந்ததும் வேறொன்றை ஒட்டி, இப்போது அது மேசை விளிம்பைத் தாண்டி நாற்காலியில் மடங்கி விழுகிறது. தாள் முழுக்கக் கட்டங்கள், கோடுகள், பெயர்கள். எல்லாம் யாரோ ஒருவருடைய கொள்ளுத்தாத்தாக்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும். அந்த யாரோ ஒருவர் செத்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் மார்லிஸின் வேலை. சம்பளமில்லாத வேலை. அதனால் யாரும் அவளை வேலையை விட்டு நீக்கவும் முடியாது.

அவள் கணவன் டுவேன் சமையலறை மேடையோரம் நின்றுகொண்டே சாப்பிடப் பழகிவிட்டான். ஊரில் பழுதாகும் புல்வெட்டி எந்திரங்களுக்கெல்லாம் அவன்தான் வைத்தியன். சாந்தமான மனிதன். ஆனால் வாய் சும்மா இருக்காது.

"செத்தவனுக்கு ஆறு நாற்காலி போட்ட மேசை. உயிரோட இருக்கிறவனுக்கு அடுப்பு ஓரம். நானும் காணாமப் போனாத்தான் இந்த வீட்டுல உக்கார இடம் கிடைக்கும்போல."

"நீ காணாமப் போனா ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சிடுவேன், டுவேன். போற வழியெல்லாம் கிரீஸ் சொட்டிக்கிட்டே போவே."

மின்னசோட்டாவின் மேற்கு ஓரத்தில் அவர்களுடைய ஊர். ஊரின் வாரப் பத்திரிகையில் மார்லிஸ் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தாள். விளம்பரம், திருமணச் செய்தி, காணாமற்போன நாய் எல்லாம் அவள் கையில்தான் வந்தன. ஆனால் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது மரண அறிவிப்பு. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பாதிரியாருக்கு அடுத்தபடி மார்லிஸுக்குத்தான் போன் வரும். இறந்தவர் எங்கே பிறந்தார், யாரைக் கட்டினார், எந்தச் சபையில் இருந்தார், யாரை விட்டுச் சென்றார். இந்தக் கடைசிப் பத்தியில் மார்லிஸ் கறாரானவள். மகன், மகள் ஒவ்வொருவர் பெயரோடும் துணையின் பெயர் வரவேண்டும், இருக்கும் ஊர் வரவேண்டும். ஊர் சொல்லாதவர்களை அவள் விடமாட்டாள். அழுதுகொண்டிருப்பவர்களிடம்கூட, "அழுங்க, தப்பில்ல. மூத்தவர் எந்த ஊர்ல இருக்கார்?" என்று பென்சிலோடு காத்திருப்பாள்.

ஓய்வு பெற்ற வருடம் மகள் கிறிஸ்துமஸுக்கு இரண்டு பெட்டி வாங்கி அனுப்பினாள். குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் வம்சத்தைச் சொல்லும் பெட்டி. மார்லிஸின் முடிவு அவள் நினைத்தபடியே வந்தது. வாழ்நாள் முழுக்கச் சுத்த நார்வேக்காரன் என்று மார்தட்டிய டுவேன் கால்பங்கு பின்லாந்துக்காரன் என்று வந்தது. அவன் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. மார்லிஸ் மட்டும் அந்தக் கால்பங்கு எங்கிருந்து வந்தது என்று தோண்டத் தொடங்கி, நாலே மாதத்தில் ஒரு சுரங்கத் தொழிலாளியையும் அவன் ஓடிப்போன கதையையும் கொண்டுவந்து மேசையில் போட்டாள். தோண்டுவது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அப்புறம்தான், பெயர் தெரியாமல் புதைக்கப்பட்டவர்களுக்குப் பெயர் தேடித் தரும் தன்னார்வக் குழு ஒன்றைப் பற்றிப் படித்தாள். விண்ணப்பம் போட்டாள். சேர்த்துக்கொண்டார்கள்.

வேலை விளங்காத அளவு கடினமில்லை. எலும்புத் துண்டிலிருந்து ஆய்வகம் மரபணுவை எடுத்துத் தரும். காவல்துறை பார்க்கலாம் என்று சம்மதித்துத் தங்கள் மரபணுவைப் பதிந்து வைத்தவர்கள் நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களோடு ஒப்பிட்டால், இறந்தவருக்கு இன்னார் இத்தனை பங்கு சொந்தம் என்று ஒரு பட்டியல் வரும். கூடப்பிறந்தவர் பெயர் வந்தால் காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். வராது. கொள்ளுத்தாத்தாவின் தம்பி பேத்திக்கு மகள் என்கிற மாதிரிதான் வரும். அந்த மகளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, அந்தக் கொள்ளுத்தாத்தாவின் அப்பாவைத் தொட்டு, அவருடைய பிள்ளைகள் வழியாக மறுபடி கீழே இறங்கவேண்டும். இன்னொரு சொந்தத்தைப் பிடித்து வேறொரு பக்கமாக ஏறி இறங்கவேண்டும். இரண்டு குடும்பமும் ஏதாவது ஒரு கல்யாணத்தில் சந்திக்கும். அந்தக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளைகளில் ஒருவர்தான் நம் ஆள். ஆண் எலும்பு என்றால் மகன்களை மட்டும் எடுத்துக்கொண்டு, யார் யார் உயிரோடிருக்கிறார்கள், யார் யாருக்குக் கல்லறை இருக்கிறது என்று பார்த்துக் கோடு அடித்துக்கொண்டே வரவேண்டும். கோடு விழாமல் மிஞ்சுபவன் நம் ஆள்.

மார்லிஸ் கையில் இருந்தது ஐடஹோ மாநிலத்துக் காட்டில், பெரி க்ரீக் என்ற ஓடைக்கரையில், 1979 செப்டம்பரில் பழம் பறிக்கப் போனவர்கள் கண்ட ஓர் ஆண். முப்பது வயதுக்குள் இருக்கும். கால் எலும்பு முறிந்திருந்தது. மேலே செங்குத்தான பாறை. குறைந்தது ஒரு குளிர்காலத்தைத் தாண்டிய எலும்பு என்று அன்றைக்கே எழுதி வைத்திருந்தார்கள். அடிப்பாகம் புதிதாகத் தைத்த பூட்ஸ், ஒரு கம்பளிச் சட்டை, வேறொன்றும் இல்லை. அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்து மூலையில் எண் போட்ட தகரப் பட்டை ஒன்றின் கீழ்ப் புதைத்திருந்தார்கள். பெயரில்லாத ஆணை அந்த நாட்டில் ஜான் டோ என்பார்கள். இவன் பெரி க்ரீக் ஜான். டுவேனுக்கு வெறும் ஜான். "ஜான் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் வீட்டுக்குள் வருவான்.

குழுவில் மார்லிஸுக்கு ஜோடி ரோஷெல். ஜார்ஜியாவில் இருக்கும் ஓய்வு பெற்ற நர்ஸ். மூத்தவளை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு நாக்கு வளையாது, மிஸ் மார்லிஸ்தான். இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் தினமும் காலை பத்து மணிக்குத் திரையில் சந்தித்து, செத்தவர்களைப் பற்றி ஊர்வம்பு பேசுவது போலப் பேசுவார்கள். எவன் இரண்டு கல்யாணம் செய்தான், எவள் ஏழாம் மாதத்திலேயே பிள்ளை பெற்றாள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

இரண்டரை வருட உழைப்பில் கல்யாணம் கிடைத்தது. வடக்கு டகோட்டாவில் ஆஷ்பர்க் என்ற சின்ன ஊருக்கு வெளியே பால் பண்ணை வைத்திருந்த வெட்ஸ்டைன் தம்பதி. மகன்கள் மூன்று பேர், மகள் ஒருத்தி. மூத்தவன் ரேமண்டுக்குக் கல்லறை இருந்தது. இரண்டாமவன் ஆர்விலுக்கும் இருந்தது. மூன்றாமவன் லைல், 1951இல் பிறந்தவன். அவனைத் தேடும் பொறுப்பை மார்லிஸ் எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஒரு காலை நேரம் அந்த ஊர்ப் பத்திரிகையின் பழைய பக்கங்களில் அவள் கண்ணில் பட்டது லைலுடைய தாயின் மரண அறிவிப்பு, 1994. யாரை விட்டுச் சென்றார் என்ற பத்தியில்: லைல், அலாஸ்கா. தகப்பன் அறிவிப்பு, 1999. லைல், அலாஸ்கா. ரேமண்டின் அறிவிப்பு, 2011. சகோதரன் லைல், அலாஸ்கா. போதாக்குறைக்கு ஆங்கரேஜ் நகரத்துப் பழைய தொலைபேசிப் பட்டியல் ஒன்றில் எல். வெட்ஸ்டைன் என்று ஒரு பெயரும் இருந்தது. 1979இல் எலும்பாகக் கிடைத்தவன் 2011இல் அலாஸ்காவில் எப்படி இருப்பான்? மார்லிஸ் லைலின் பெயர்மேல் அளவுகோல் வைத்து நேராக ஒரு கோடு அடித்தாள்.

ரோஷெல் ஒருமுறை தயங்கினாள். நிச்சயம்தானா என்று கேட்டாள். மார்லிஸ் கொஞ்சம் விறைப்பாகவே பதில் சொன்னாள். மூன்று அறிவிப்பு, பதினேழு வருட இடைவெளி, மூன்றிலும் ஒரே தகவல். முப்பத்தொரு வருடம் இதே வேலை பார்த்தவள் சொல்கிறேன் என்றாள். முப்பத்தொரு வருடத்தை எடுத்துப் போட்டால் எதிரே யார் பேசமுடியும்?

மூன்று மகன்களுக்கும் கோடு விழுந்துவிட்டது. அப்படியென்றால் ஆள் வேறு எங்கோ இருக்கிறான். கல்யாணத்துக்கு வெளியே பிறந்தவனாக இருக்கலாம் என்று குழு முடிவு செய்தது. அடுத்த ஐந்து மாதம் வெட்ஸ்டைன் குடும்பத்து ஆண்கள் ஒவ்வொருவர்மேலும் சந்தேகம் பாய்ந்தது. முக்கியமாக ஆகஸ்ட் என்று ஒரு சிற்றப்பன். குதிரை வியாபாரி, ஊர் ஊராகப் போனவன். அவன் போன மூன்று மாவட்டங்களிலும் அப்பன் பெயர் எழுதாமல் பதிந்த பிறப்புகளையெல்லாம் மார்லிஸும் ரோஷெலும் அவன் கணக்கில் சேர்த்து, பாவம் அந்த மனிதனைப் பெரிய காமுகனாகவே ஆக்கிவிட்டார்கள். படம் கிடைத்தபோது, "மீசையைப் பாத்தாலே தெரியல?" என்றாள் ரோஷெல்.

ஜூலையில் டுவேனின் அத்தை அயோன் தொண்ணூற்று மூன்று வயதில் காலமானாள். நிறைவான சாவு. பிற்பகல் டுவேனின் தங்கை வெர்னா, ருபார்ப் தண்டு போட்டுச் செய்த பலகாரத் தட்டோடு வந்து சேர்ந்தாள். அறிவிப்பு எழுதவேண்டும், மார்லிஸை விட்டால் யார்? ஜானின் தாளைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்தார்கள். டுவேன் மூன்று வருடத்துக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பலகாரம் தின்றான்.

அயோனின் பிள்ளைகள் பெயரெல்லாம் ஊரோடு வந்துகொண்டிருந்தது. வெண்டெல் என்ற கடைசி மகனிடம் வந்ததும் வெர்னா, "அரிசோனான்னு போடு," என்றாள்.

"அரிசோனாவுல எந்த ஊர்?"

"யாருக்குத் தெரியும்? எண்பத்தெட்டுல ஒரு கிறிஸ்துமஸ் கார்டு வந்துச்சு. அதோட சரி."

"அப்புறம் எப்படி அரிசோனான்னு போடறது?"

"பின்னே விட்டுடவா? விட்டுட்டா, அவன் செத்துட்டான்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். அவங்கம்மா பக்கத்துல அவன் பேர் இருக்கட்டும். போடு மார்லிஸ். யாரு வந்து கேக்கப் போறா?"

மார்லிஸின் பென்சில் நின்றது. இந்தப் பேச்சை அவள் இன்றைக்குத்தான் கேட்கிறாளா? பத்திரிகை அலுவலகத்து மேசைக்கு அந்தப் பக்கம் நின்று எத்தனை பேர் இதையே சொல்லியிருக்கிறார்கள். டெக்சாஸ்னு போடுங்க. கலிபோர்னியான்னு போடுங்க. ஊர் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவளும் எத்தனை தடவை மனம் இளகி, சரி போகட்டும் என்று ஊரில்லாமல் விட்டிருக்கிறாள். அடுத்த சாவுக்கு அதே குடும்பம் பழைய அறிவிப்பை வெட்டிக் கொண்டுவந்து, தேதியை மட்டும் மாற்றுங்கள் என்று கொடுக்கும். மூன்று சாட்சி என்று அவள் மார்தட்டியது ஒரே சாட்சியை மூன்று தடவை நகல் எடுத்தது.

வெர்னாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்க் கணினியைத் திறந்தாள். ரேமண்டின் அறிவிப்பு. மனைவி, இன்ன ஊர். பிள்ளைகள், இன்னின்ன ஊர். சகோதரி டெலோரிஸ், கணவன் கென்னத் ஹாகன்ஸன், ஆஷ்பர்க். சகோதரன் லைல், அலாஸ்கா. டெக்சாஸைவிடப் பெரிய மாநிலம், அதில் ஓர் ஊர் கிடையாதா? ஆங்கரேஜின் எல். வெட்ஸ்டைனையும் அரைமணி நேரத்தில் பிடித்தாள். அவள் பெயர் லோர்னா. பள்ளிக்கூட ஆசிரியை, ஓஹியோவில் பிறந்தவள்.

மார்லிஸுக்கு அவமானம் ஒரு பக்கம். அதைவிட வேறொன்று. அந்தக் குடும்பத்தில் மிஞ்சியிருக்கக்கூடியவள் டெலோரிஸ் ஒருத்திதான், இருந்தால் எண்பது வயது. லைலோடு ஒரே வீட்டில் வளர்ந்து, அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள். எண்பது வயதில் ஐந்து மாதம் என்பது சின்ன விஷயமா? இந்த ஐந்து மாதத்தில் அவள் போயிருந்தால், ஜானுக்குப் பெயர் கிடைத்தும் அதைக் கேட்க ஆளிருக்காது. அதற்குக் காரணம் மார்லிஸ் அடித்த ஒரு கோடு.

ரோஷெலுக்கு போன் செய்தாள். அழுதுகொண்டே பேசினாள்.

"அந்தக் கோட்டை அடிச்சது நான், ரோஷெல். தப்பா அடிச்சுட்டேன்."

"எந்தக் கோடு, மிஸ் மார்லிஸ்? தினம் நூறு கோடு அடிக்கிறோம்."

"லைல். அவன் அலாஸ்காவுல இல்ல. எங்கேயுமே இல்ல. நீ அன்னைக்கே கேட்டே. நான்தான் பெரிய இவளாட்டம் பேசினேன்."

ரோஷெல் சொன்னாள். "முப்பத்தஞ்சு வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தவ நான். தப்பு பண்ணாத நர்ஸைப் பாத்ததே இல்ல. தானா வந்து சொல்ற நர்ஸைத்தான் தேடித் தேடிப் பாத்திருக்கேன். அழுது முடிச்சிட்டீங்களா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

"அதை அப்புறம் வச்சுக்கலாம். கம்ப்யூட்டரைத் தொறங்க."

அந்த வாரம் முழுக்க அவர்கள் லைலைத் தேடினார்கள். 1978 வசந்தகாலம் வரைக்கும் அவன் இருந்தான்: பள்ளி ஆண்டுமலரில், ராணுவத்திலிருந்து வந்த செய்தியில், பண்ணைச் சங்கத்துப் பந்து விளையாட்டுக் குழுவில். அதற்குப் பிறகு ஓட்டுநர் உரிமம் இல்லை, கல்யாணம் இல்லை, வரி இல்லை, வழக்கு இல்லை. யாரும் அவனைக் காணவில்லை என்று புகார் கொடுக்கவும் இல்லை. கொடுப்பானேன்? அவன்தான் அலாஸ்காவில் இருக்கிறானே.

டெலோரிஸ் இருக்கிறாளா என்று மட்டும் பார்க்க மார்லிஸுக்குக் கை வரவில்லை. கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆஷ்பர்க் பத்திரிகையைத் தேடினாள். மரண அறிவிப்பு எதுவும் இல்லை. நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அறிவிப்பை நம்பித்தானே இவ்வளவு தூரம் வந்தது? அப்போது அந்த ஊர் லூத்தரன் சபை தன் வாரத் தாளை இணையத்தில் போடுவது கண்ணில் பட்டது. அதில், வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு காபி ஊற்றும் முறை யாருக்கு என்ற பட்டியலில், டெலோரிஸ் ஹாகன்ஸன் என்று இருந்தது. மார்லிஸ் நாற்காலியில் சாய்ந்து உரக்கச் சிரித்தாள். மரண அறிவிப்பில் ஆசைக்கு ஒரு பெயரைப் போடலாம். காபி முறைப் பட்டியலில் போடமுடியாது. வராவிட்டால் பத்தே நிமிடத்தில் சபை முழுக்கத் தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் சிற்றப்பனின் கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக, மன்னிக்கவும் என்று எழுதினாள். அதையும் டுவேன் பார்த்துவிட்டான்.

தேடுபவர்கள் குடும்பத்தாரோடு நேரில் தொடர்புகொள்ளக் கூடாது. அது அதிகாரிகள் வேலை. ஐடஹோவில் அந்தப் பகுதிக்கு மரண விசாரணை அதிகாரி க்ளென் ஆஸ்பி. சவ அடக்க நிலையம் நடத்துகிறவர், பொறுமைக்காரர். அவர் டெலோரிஸுக்கு போன் செய்தார். வயதானவர்களை ஏமாற்றும் கூட்டம் என்று நினைத்து அவள் இரண்டு தடவை வைத்துவிட்டாள். மூன்றாவது தடவை, என் தம்பி அலாஸ்காவில் இருக்கிறான், ஐடஹோவில் எனக்கு யாருமில்லை என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு அவளுக்குத் தெரிந்த ஆஷ்பர்க் ஷெரிப்பே வீட்டுக்குப் போய், சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்து, மெதுவாகச் சொல்லி, குழாயில் எச்சில் வாங்கி வந்தார். ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. பெரி க்ரீக் ஜானும் டெலோரிஸும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள்.

குழுவில் எல்லோரும் திரையில் கை தட்டினார்கள். மார்லிஸும் தட்டினாள். மனம் நிறைந்துதான் இருந்தது. ஆனால் அந்த வீட்டுச் சமையலறையில் இப்போது ஒரு கிழவி தனியாக உட்கார்ந்திருப்பாளே என்ற நினைப்பும் கூடவே இருந்தது. அவளுக்கு ஒரு தம்பியைக் கொடுத்தோமா, இருந்த தம்பியைப் பிடுங்கிக்கொண்டோமா?

பத்து நாள் கழித்து க்ளென் கூப்பிட்டார். கண்டுபிடித்தவரோடு பேசவேண்டும் என்று டெலோரிஸ் கேட்கிறாள், நம்பரைக் கொடுக்கலாமா என்றார். குடும்பமே கேட்டால் தடையில்லை. மறுநாள் போன் வந்தபோது டுவேன் தானாகவே ரேடியோவை அணைத்துவிட்டு வெளியே போனான்.

டெலோரிஸ் நன்றி சொன்னாள். வானிலையை விசாரித்தாள். அந்தப் பக்கம் சோளம் எப்படி என்று கேட்டாள். மார்லிஸால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பிப்ரவரியிலேயே தெரிந்திருக்கவேண்டியது, தன் தவறால் ஐந்து மாதம் போயிற்று என்று போட்டு உடைத்தாள்.

"உங்க வீட்டு அறிவிப்புல அலாஸ்கான்னு இருந்துச்சு. மூணுலயும் இருந்துச்சு. நான் அதை நம்பிட்டேன்."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"அதை எழுதினதே நான்தான்," என்றாள் டெலோரிஸ். "பசுக்களை விக்கிறதுல அவனுக்கும் அப்பாவுக்கும் சண்டை. அலாஸ்காவுக்குப் போய் எண்ணெய்க் குழாய் போடற வேலை பாப்பேன்னு சொல்லிட்டுப் போனான். அதனால அம்மாவோட அறிவிப்பை எழுதறப்போ அப்படி எழுதினேன். ஒரு பேச்சுக்கு எழுதினதுதான். அப்பாவுக்கும் எழுதினேன். ரேமண்டுக்கு எழுதறப்போ எனக்கே அது நெஜமாயிடுச்சு. அங்க சுகமா உக்காந்துக்கிட்டு, அம்மா சாவுக்கும் வரல, அப்பா சாவுக்கும் வரலன்னு அவன் மேல அவ்வளவு கோபம்."

மார்லிஸ் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள்.

"ராத்திரி ஜெபத்துல எல்லார் பேரையும் சொல்லுவேன். முப்பது வருஷமா அவன் பேரை மட்டும் சொல்றதில்ல. அவன் கெளம்பிப் போன அந்த வருஷமே, குளிர்காலத்துக்குள்ளயே முடிஞ்சுபோச்சுன்னு க்ளென் சொல்றார். அவன் வரமாட்டேன்னு இருக்கல, மார்லிஸ். அவனால வர முடியல."

இருவரும் அழுதார்கள். இரண்டு பேருமே அழுகையை அடுத்தவருக்குக் காட்டாத ஊர்களில் வளர்ந்தவர்கள். ஆகவே மூக்கை உறிஞ்சியபடி சளி பிடித்திருக்கிறது என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள். கடைசியில் டெலோரிஸ், தரை உறைவதற்கு முன் அக்டோபர் கடைசியில் அடக்கம், நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் வரவேண்டும் என்றாள். மார்லிஸ், வருகிறேன், என்ன கொண்டுவரட்டும் என்றாள். பலகாரம் என்று பதில் வந்தது.

எலும்பைத் தபாலில் அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. க்ளென் அனுப்பவில்லை. தன் நிலையத்தில் தேவதாரு மரத்தில் ஒரு பெட்டி செய்யச் சொல்லி, அதைத் தன் வண்டியின் முன் இருக்கையில் பெல்ட் போட்டுக் கட்டி, இரண்டு நாள் ஓட்டிக்கொண்டு வந்தார். வழியில் தங்கிய விடுதியில் பெட்டியை அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டதாகச் சொன்னார். நாற்பத்தைந்து வருடம் வெளியே கிடந்தவனை இன்னொரு இரவு வண்டியில் விட அவருக்கு மனசு வரவில்லையாம்.

டுவேனும் மார்லிஸும் ஐந்து மணி நேரம் ஓட்டிப் போனார்கள். முப்பது பேர் வந்திருந்தார்கள். அவர்களில் லைலைப் பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான். பந்து விளையாட்டுக் குழுவில் கூட விளையாடிய இரண்டு கிழவர்கள் அதில் அடக்கம். டெலோரிஸ் உயரமான, எலும்பு தெரியும் பெண். மார்லிஸின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். குலுக்கிய கையை விடவில்லை. பாதிரியார் சுருக்கமாக ஜெபித்தார். சபையை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில், பெட்டியைத் தாய்க்கும் தகப்பனுக்கும் இடையில் இறக்க இடம் தோண்டியிருந்தது. காற்று வேறு வெட்டி எடுத்தது. ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல எல்லோரும் சபையின் கீழ்த்தளத்துக்குச் சாப்பிடப் புறப்பட்டார்கள். ஹாம் இறைச்சி வைத்த ரொட்டி, உருளைக்கிழங்கு சாலட், மார்லிஸின் பலகாரம் எல்லாம் அங்கே தயாராக இருந்தன.

டெலோரிஸ் வரவில்லை. இறக்குவதற்கு முன் கொஞ்ச நேரம் வேண்டும் என்று க்ளெனிடம் கேட்டு, மடக்கு நாற்காலியைப் பெட்டிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றி, பெட்டியின் மேல் கையை வைத்தாள். பிறகு பேசத் தொடங்கினாள். அழுகைப் பேச்சு அல்ல. ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு வந்தவனுக்கு ஊர்ச் செய்தி சொல்லும் பேச்சு. நீ போனதும் அப்பா பசுக்களை உடனே விற்கவில்லை, உனக்காக ஒரு வருடம் வைத்திருந்தார் என்பதிலிருந்து ஆரம்பித்தாள். ரேமண்டுக்குப் பிறந்த பெண், கொட்டகை எரிந்தது, கணவன் கென்னத்துக்கு இடுப்பு ஒடிந்தது. எழுபத்தெட்டில் தொடங்கி வருடம் வருடமாக வரிசைப்படி சொன்னாள். எதையும் விட்டுவிடவில்லை. நடுநடுவே, "கேளுடா" என்றாள்.

மார்லிஸ் இருபதடி தள்ளி, தேவைப்பட்டால் கைத்தாங்கலாகப் பிடிக்கலாம் என்று நின்றாள். காது கேட்கத்தான் செய்தது, என்ன செய்வது? முப்பது நிமிடம் ஆயிற்று. கீழ்த்தளத்திலிருந்து டுவேன் மேலே வந்து, கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு அவளருகே நின்றான்.

"எல்லாரும் உங்க ரெண்டு பேருக்காகச் சாப்பிடாம காத்துக்கிட்டு இருக்காங்க. கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"இன்னும் கொஞ்சம் இருக்கட்டும், டுவேன்," என்றாள் மார்லிஸ். "இப்பத்தான் எண்பத்தி நாலுக்கு வந்திருக்காங்க."